பம்ப்பை எந்தப் பக்கம் வைப்பது? சிகாகோவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் கதை

தொழில்நுட்ப வரலாறுன்னாலே கண்டுபிடிச்சவங்களைப் பத்தித்தான் பேசுறோம். இந்த எபிசோடில் அதுக்கு அடுத்த கட்டத்தைப் பார்க்கலாம். ஒரு விஷயத்தை ஒருத்தர் கண்டுபிடிச்சு, அது அச்சாகி, வகுப்பிலும் சொல்லிக்கொடுத்தாச்சு. அதுக்கப்புறம் ஒரு வீட்டு அடித்தளத்தில் முட்டிபோட்டு வேலை பார்க்கும் பிளம்பர் கைக்கு அது போய்ச் சேர எவ்வளவு காலம் ஆகும்? நான் எடுத்துக்கொண்ட உதாரணத்தில் ஏறக்குறைய 30 வருஷம்.

உதாரணம் எதுன்னா, தண்ணீரை வைத்து வீட்டைச் சூடாக்கும் முறை. நம்ம ஊரில் வீட்டைச் சூடாக்கவே வேண்டியதில்லை, அதனால் பலருக்கு இது புதுசா இருக்கும். குளிர் நாடுகளில் அடித்தளத்தில் ஒரு பாய்லர் இருக்கும். அதில் சூடான தண்ணீர் குழாய் வழியே ஒவ்வொரு அறைக்கும் போய், ரேடியேட்டரில் வெப்பத்தை விட்டுவிட்டு, ஆறிப்போய் மறுபடி பாய்லருக்கே திரும்பும். அதே தண்ணீர்தான் திரும்பத் திரும்பச் சுற்றும். இதே குழாயில் குளிர்ந்த தண்ணீரை ஓட்டினால் கட்டடம் குளிரும். சென்னையில் நீங்க வேலை பார்க்கிற ஐ.டி. பார்க்கில் மொட்டை மாடியிலோ பேஸ்மென்ட்டிலோ சில்லர் பிளான்ட் இருந்தா, அதுவும் இந்தக் குடும்பம்தான். மொத்தத்துக்கும் ஹைட்ரானிக்ஸ் என்று பெயர். எலெக்ட்ரானிக்ஸ் என்ற சொல்லைப் பார்த்து அதே ஓசையில் செய்த சொல். கொஞ்சம் மார்க்கெட்டிங் வாடை அடிக்கும், ஆனா நிலைச்சிடுச்சு.

ஆரம்ப காலத்தில் இதில் பம்ப்பே கிடையாது. சூடான தண்ணீர் லேசானது, மேலே ஏறும். ஆறிய தண்ணீர் கனமானது, கீழே இறங்கும். அந்தச் சின்ன எடை வித்தியாசத்தை மட்டும் நம்பி முழு வீட்டையும் சூடாக்கினார்கள். உந்துவிசை அவ்வளவு குறைவு என்பதால் குழாய்கள் தடித்தடியாக இருக்கும். எந்தக் கிளையில் எவ்வளவு சரிவு, எந்த மாடிக்கு எந்த அளவு குழாய் என்பதெல்லாம் பொருத்துபவரின் அனுபவத்தில் இருந்தது. புத்தகங்களும் இருந்தன, ஆனால் தொழில் பெரும்பாலும் ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் போனது. நம்ம ஊரில் மேஸ்திரியிடம் சித்தாளாகச் சேர்ந்து படிப்படியாகக் கொத்தனார் ஆவது போல.

1920-களின் இறுதியிலும் 1930-களிலும் சின்ன மின்சாரப் பம்ப்கள் வந்தன. அதில் முக்கியமான பெயர் பெல் அண்டு காசெட். 1916-இல் சிகாகோவில் தொடங்கிய கம்பெனி. இவர்களின் சிவப்புப் பெயின்ட் அடித்த 'பூஸ்டர்' பம்ப்பை இன்றும் பழைய அமெரிக்க வீட்டு அடித்தளங்களில் பார்க்கலாம். பம்ப் வந்ததும் குழாய் மெலிந்தது, செலவு குறைந்தது, வீடு சீக்கிரம் சூடானது. ஆனால் பழைய ஆட்கள் கையில் இருந்த அறிவில் பாதி ஒரே தலைமுறையில் செல்லாக்காசாகிவிட்டது. பம்ப் வைத்த குழாயின் விதிகள் வேறு. அதை யார் சொல்லிக்கொடுப்பது?

அப்புறம் இரண்டாம் உலகப்போர் முடிந்தது, அமெரிக்காவில் வீடு கட்டும் வேகம் எங்கேயோ போனது. நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் 1947-இல் தொடங்கிய லெவிட்டவுனில் சில வருஷத்தில் 17,000-க்கு மேல் வீடுகள். அடித்தளம் தோண்டாமல் தரையில் நேரே கான்கிரீட் போட்டு, அதற்குள் செம்புக்குழாயைச் சுருட்டிப் புதைத்து, சுடுதண்ணீர் ஓட்டி, தரையையே ஹீட்டராக்கினார்கள். அந்த யோசனைக்குப் பின்னால் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் இருக்கிறார். அவருக்குப் பின்னால் அவர் டோக்கியோவில் உட்கார்ந்து பார்த்த ஒரு கொரிய அறையின் சூடான தரை இருக்கிறது. அது தனிக் கதை, இன்னொரு நாள் பேசலாம். லெவிட்டவுனில் முக்கியம் என்னன்னா, பல வீடுகளில் புதைத்த குழாய் பின்னால் அரித்து ஒழுக ஆரம்பித்தது. தரையை உடைக்காமல் சரிசெய்ய முடியாது. பலர் அதை அப்படியே கைவிட்டுச் சுவரோரம் ரேடியேட்டர் வைத்துக்கொண்டார்கள்.

அதே காலத்தில் போட்டி வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஏ.சி. பரவ ஆரம்பித்தது. குளிர்காற்றுக்கு எப்படியும் டக்ட் போட வேண்டும். டக்ட் போட்டபின் அதிலேயே சூடான காற்றையும் ஊதினால் வேலை முடிந்தது. பிறகு தண்ணீர்க் குழாய் எதற்கு? புது வீடுகளில் தண்ணீர் முறை பின்வாங்கத் தொடங்கியது.

இந்தச் சூழலில், 1954-இல், சிகாகோவை ஒட்டிய மார்ட்டன் குரோவ் என்ற ஊரில் பெல் அண்டு காசெட் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தது. பெயர் 'லிட்டில் ரெட் ஸ்கூல்ஹவுஸ்'. அமெரிக்கக் கிராமங்களில் ஒரே அறை கொண்ட பள்ளிக்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்கும் பழக்கம் இருந்தது, அந்த ஞாபகத்தில் வைத்த பெயர். மாணவர்கள் டிசைன் செய்யும் இன்ஜினியர்கள், கான்ட்ராக்டர்கள், பொருத்துபவர்கள். சில நாள் வகுப்பு. இத்தனை வருஷத்தில் 60,000 பேருக்கு மேல் அங்கே படித்திருக்கிறார்கள்.

பம்ப் விற்கிற கம்பெனி எதுக்குப் பள்ளிக்கூடம் நடத்தணும்? தர்ம காரியம்னு நான் நம்பல. தப்பான இடத்தில் வைத்த நல்ல பம்ப்பும் கெட்ட பம்ப்பாகத்தான் தெரியும். வீட்டுக்காரர் பிளம்பரைத் திட்டுவார், பிளம்பர் பம்ப்பைத் திட்டுவார், அடுத்த வீட்டுக்காரர் "தண்ணியே வேணாம், காத்தே போதும்" என்று முடிவெடுப்பார். ஆக, தெரியாத பிளம்பர்தான் கம்பெனிக்கு வில்லன். லாப நோக்கம்தான், ஆனா இங்கே லாபமும் நல்ல பாடமும் ஒரே திசையில் இருந்தது. எல்லா இடத்திலும் அப்படி அமையாது.

அந்தக் கம்பெனியில் கில் கார்ல்சன் என்று ஒரு இன்ஜினியர் இருந்தார். இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு அவர் பெரிய பெயர், வெளியே யாருக்கும் தெரியாது. அவரோடு சேர்த்துச் சொல்லப்படும் இரண்டு விஷயங்களில் முதலாவது பிரைமரி-செகண்டரி பம்ப்பிங், 1950-களின் நடுவில் வந்தது. இரண்டு தண்ணீர்ச் சுற்றுகள் ஒரு சின்னத் துண்டுக் குழாயை மட்டும் பொதுவாகப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தத் துண்டு ரொம்பக் குட்டையாக இருந்தால் அதில் அழுத்த இழப்பு ஏறக்குறைய பூஜ்யம். அப்போது ஒரு சுற்றில் ஓடும் பம்ப், மற்ற சுற்றில் தண்ணீரைத் தள்ளாது. சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது உடனே புரியும், ரெண்டு மாட்யூலைப் பிரிச்சு வெச்சு நடுவுல ஒரு மெல்லிசான இன்டர்ஃபேஸ் வைக்கிறோமே, அதேதான். சில்லர் வழியாக ஒரே அளவு தண்ணீர் ஓட வேண்டும், கட்டடத்தின் தேவையோ மணிக்கு மணி மாறும். இரண்டையும் பிரிக்க உலகம் முழுக்க சில்லர் பிளான்ட்களில் இந்த ஏற்பாட்டைத்தான் பல பத்தாண்டுகள் பயன்படுத்தினார்கள்.

இரண்டாவது விஷயம்தான் நம்ம கதை. இதைக் கொஞ்சம் நிதானமாப் பார்க்கலாம்.

தண்ணீர் சூடானால் விரியும். மூடிய குழாயில் விரிய இடமில்லை என்றால் ஏதாவது உடையும். அதனால் பக்கத்தில் ஒரு எக்ஸ்பான்ஷன் டேங்க் வைப்பார்கள். அதில் பாதி தண்ணீர், பாதி காற்று. தண்ணீர் விரிந்தால் காற்று நசுங்கி இடம் கொடுக்கும். இப்போது ஒரு கேள்வி. பம்ப்பை ஓடவிட்டால் அந்த டேங்க் குழாயோடு சேரும் இடத்தில் அழுத்தம் கூடுமா, குறையுமா?

ரெண்டும் இல்லை. மாறவே மாறாது. ஏன்னா, டேங்கில் இருக்கும் காற்றின் அழுத்தம் மாற வேண்டும் என்றால் அதற்குள் தண்ணீர் கூடுதலாகப் போக வேண்டும் அல்லது அதிலிருந்து வெளியே வர வேண்டும். சுற்று மூடியது, மொத்தத் தண்ணீரின் அளவு அதேதான். பம்ப் தண்ணீரைச் சுற்றவிடுமே தவிர, புதிதாக உண்டாக்காது. அதனால் அந்த ஒரு புள்ளி அசையாது. எலெக்ட்ரிக்கல் படிச்சவங்க இதை சர்க்யூட்டின் கிரவுண்ட்னு நினைச்சுக்கலாம். மற்ற எல்லா இடத்து அழுத்தத்தையும் இதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

இதனால் என்ன ஆகும்? ஒரு இரண்டு மாடி வீடு. பாய்லர் பக்கத்தில் 12 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் தண்ணீர் நிரப்பியிருக்கிறது, அமெரிக்காவில் வழக்கமான அளவு. 18 அடி உயரத்தில் இருக்கும் மேல்மாடி ரேடியேட்டரில் மிஞ்சுவது சுமார் 4 பி.எஸ்.ஐ. பம்ப் உண்டாக்கும் வித்தியாசம் 6 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்வோம். பம்ப், டேங்கிலிருந்து விலகித் தள்ளும்படி இருந்தால், அந்த 6-உம் கூட்டலாக வரும். 12 என்பது 18 ஆகும், மேல்மாடியிலும் அழுத்தம் ஏறும், தண்ணீரில் கரைந்த காற்று கரைந்தபடியே சுற்றிவரும். பம்ப், டேங்கைப் பார்த்துத் தள்ளும்படி இருந்தால்? டேங்க் அசையாது, அதனால் அந்த 6-உம் உறிஞ்சும் பக்கத்தில் கழித்தலாக வரும். அங்கே 12 என்பது 6 ஆகும். மேல்மாடியில் இருந்ததே 4. சுற்றின் கடைசியில் இருக்கும் ரேடியேட்டரில் அழுத்தம் பூஜ்யத்துக்கும் கீழே போகலாம். அப்போது காற்றை வெளியேற்ற வைத்த வால்வு வழியாகவே வெளிக்காற்று உள்ளே வரும். குழாயில் கடகடவென்று சத்தம், மேல்மாடி ரேடியேட்டர் ஜில்லென்று இருக்கும். நம்ம வீட்டு மோட்டாரில் ஏர்லாக் ஆகும் தொல்லைக்கு அண்ணன் முறை.

அதே பம்ப், அதே டேங்க், அதே குழாய். எந்தப் பக்கம் வைத்தோம் என்பது மட்டும்தான் வித்தியாசம். கார்ல்சன் இதை 1960-களின் தொடக்கத்தில் தெளிவாக எழுதிவிட்டார். பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுத்தார்கள். பெரிய கட்டடங்களை வடிவமைக்கும் இன்ஜினியர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

வீடுகளில்? பம்ப் தப்பான பக்கத்திலேயே இருந்தது. 1970-களிலும், 80-களிலும்.

இதற்கு முட்டாள்தனம் காரணம் இல்லை, எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடமும் அதுதான். பாய்லருக்குத் திரும்பும் குழாயில் தண்ணீர் கொஞ்சம் ஆறியிருக்கும், பழைய பம்ப்களின் சீல் பாகங்களுக்கு அது நல்லது. அதனால் அங்கே வைக்கும் பழக்கம் வந்தது. பிறகு பாய்லரோடு பம்ப்பையும் சேர்த்து மாட்டியே ஃபேக்டரியிலிருந்து அனுப்ப ஆரம்பித்தார்கள். பெட்டியில் அடக்கமாக அனுப்ப அந்த இடம்தான் வசதி. பெட்டியைத் திறக்கும் பிளம்பர் என்ன நினைப்பார்? கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா, இங்கதான் வைக்கணும் போலன்னுதானே. டிஃபால்ட் செட்டிங்கை யார் மாத்துறாங்க?

இன்னொரு காரணம், பழைய பூஸ்டர் பம்ப்கள் சாது. 3 பி.எஸ்.ஐ. அளவுக்குத்தான் தள்ளும். மேல்மாடியில் 4 இருந்து அதில் இரண்டு மூன்று கழிந்தாலும் ஏதோ மிஞ்சும். தப்பு இருந்தது, தெரியவில்லை. பிறகு உருவத்தில் சின்னதாக, ஆனால் தள்ளும் வேகம் அதிகமாக உள்ள புதிய வகைப் பம்ப்கள் வந்தன. பழைய பம்ப் ரிப்பேர் ஆனதும் பிளம்பர் அதே இடத்தில் புதியதைப் பொருத்தினார். இருபது வருஷம் சத்தமில்லாமல் ஓடிய வீட்டில் திடீரென்று காற்றுத் தொல்லை. பழி புதுப் பம்ப் மேல். லைப்ரரியை அப்டேட் செய்ததும் பத்து வருஷப் பழைய பக் ஒன்று எழுந்து உட்காருமே, அந்த மாதிரி.

இங்கேதான் டான் ஹோலஹான் வருகிறார். 1970-இலிருந்து நியூயார்க்கில், ஹீட்டிங் சாமான் கம்பெனிகளின் விற்பனைப் பிரதிநிதி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இன்ஜினியர் பட்டம் பெற்றவர் இல்லை. 1989-இல் தனியாகப் பிரிந்து, ஊர் ஊராகப் போய்ப் பாடம் எடுப்பதையும் எழுதுவதையும் தொழிலாக்கிக்கொண்டார். சிகாகோ பள்ளிக்கூடத்துக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிங்க. பெரிய கட்டட இன்ஜினியருக்கு ஆபீஸ் செலவில் விமான டிக்கெட் கிடைக்கும். நாலு பேரை வைத்துத் தொழில் நடத்தும் பிளம்பருக்கு, குளிர்காலத்தில் மூன்று நாள் போனால் மூன்று நாள் வருமானம் போச்சு. பாடம் அவரைத் தேடி வந்தால்தான் உண்டு.

1992-இல் ஹோலஹான் நீராவி ஹீட்டிங் பற்றி 'தி லாஸ்ட் ஆர்ட் ஆஃப் ஸ்டீம் ஹீட்டிங்' எழுதினார். 1994-இல் 'பம்ப்பிங் அவே'. புத்தகத்தின் தலைப்பே விடை: டேங்கிலிருந்து விலகித் தள்ளு. கார்ல்சனின் விஷயத்தையே எடுத்து, சமன்பாடுகளைக் குறைத்து, பிளம்பர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாணியில் கதையாகச் சொன்னார். செத்துப்போன பழைய மேஸ்திரிகளை அவர் மரியாதையோடு கொண்டுவருவார். அந்தத் தடித்த குழாயை அவர்கள் ஏன் அப்படிப் போட்டார்கள், அதில் என்ன கணக்கு இருந்தது என்று விளக்குவார். படிப்பவருக்கு 'உனக்கு ஒன்றும் தெரியாது' என்ற தொனி வராது, 'உன் தொழிலுக்கு ஒரு பரம்பரை இருக்கு' என்ற தொனி வரும். தொழில்காரர் காது கொடுத்துக் கேட்டதற்கு அந்தத் தொனி ஒரு பெரிய காரணம்னு நான் நினைக்கிறேன். அடுத்த வருஷம், 1995-இல், ஜான் சீகந்தாலர் 'மாடர்ன் ஹைட்ரானிக் ஹீட்டிங்' என்ற பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்தார். அது முறையான இன்ஜினியரிங் புத்தகம். இரண்டு வகையும் தேவைப்பட்டது.

சரி, இது ஏதோ அமெரிக்கப் பழங்கதைன்னு நினைக்க வேண்டாம். அட்லான்டிக்கைத் தாண்டி பிரிட்டனுக்குப் போவோம். அங்கே 2005 ஏப்ரல் முதல், புதிதாக வைக்கும் கேஸ் பாய்லர் ஒரு சில விதிவிலக்குகள் தவிர கண்டென்சிங் வகையாகத்தான் இருக்க வேண்டும் என்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விதி வந்தது. புகையில் நீராவியாக வீணாகும் வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும் பாய்லர் அது. ஆனால் புகையில் உள்ள ஈரம் தண்ணீராக மாற வேண்டுமானால், திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். பல வீடுகளில் பொருத்தியவர்கள் பழக்கப்படி வெளியேறும் தண்ணீரை 70, 80 டிகிரியில் வைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வருவதும் சூடாகவே வந்தது. பெயர் கண்டென்சிங் பாய்லர், ஆனால் முழுசாக கண்டென்ஸ் ஆகவில்லை. 2022-இல் கேஸ் விலை எகிறியபோது, அந்த வெப்பநிலையை 60 டிகிரிக்குக் குறைங்கள் என்று வீட்டுக்காரர்களிடமே பிரசாரம் செய்ய வேண்டியதாயிற்று. விதி வந்து 17 வருஷம் கழித்து. சட்டம் பாய்லரை மாற்றியது, பாய்லரைச் செட் செய்யும் கையை யாரும் மாற்றவில்லை.

அடுத்து அதே நாட்டில் ஹீட் பம்ப் வருகிறது. 2028-க்குள் வருஷத்துக்கு 600,000 ஹீட் பம்ப் என்று 2020-இல் அரசு இலக்கு வைத்தது. ஹீட் பம்ப்பில் இந்த வெப்பநிலை விவகாரம் இன்னும் கறார். தண்ணீரை எவ்வளவு குறைந்த சூட்டில் ஓட்டுகிறோமோ அவ்வளவு மின்சாரம் மிச்சம். அதற்கு ஒவ்வொரு அறையும் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று கணக்குப் போட்டு, ரேடியேட்டர் போதுமா என்று பார்த்து, குழாயின் ஓட்டத்தை அளவிட வேண்டும். பாய்லர் காலத்தில் கொஞ்சம் பெரிதாக வாங்கி மாட்டினால் எல்லாத் தப்பும் மறைந்துவிடும். ஹீட் பம்ப் மறைக்காது, கரன்ட் பில்லில் காட்டிக்கொடுக்கும்.

நம்ம பக்கம் வந்தால், ஹைதராபாத்தில் இன்ஃபோசிஸ் 2011 வாக்கில் ஒரு கட்டடத்தை இரண்டு சமபாதியாகக் கட்டியது. ஒரு பாதியில் வழக்கமான, ஆனால் நன்றாக வடிவமைத்த ஏ.சி. மறுபாதியில் கான்கிரீட் தளத்துக்குள் குழாய் புதைத்து அதில் குளிர்ந்த தண்ணீர். இரண்டாவது பாதி குளிர்விக்க எடுத்துக்கொண்ட மின்சாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. லெவிட்டவுனின் சூடான தரை தலைகீழாக இங்கே வந்திருக்கிறது.

சென்னையில் இதைச் செய்தால் ஒரு சிக்கல் கூடுதல். மழைக்காலத்தில் நம்ம காற்றின் பனிநிலை 24, 25 டிகிரி வரை போகும். அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் கோக்கும், ஐஸ் வாட்டர் டம்ளர் மாதிரி. குளிர்ந்த கூரை இருந்தால், தலைமேல் சொட்டும். இதற்குத் தீர்வு உண்டு. உள்ளே வரும் காற்றை முதலிலேயே தனியாக உலர்த்திவிட வேண்டும், தண்ணீரின் வெப்பநிலையைப் பனிநிலைக்கு மேலேயே வைக்க வேண்டும். டிசைன் செய்பவருக்கு இது தெரியும். ஆனால் ராத்திரி ஷிஃப்டில் பிளான்ட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர், மேலே இருந்து "ரொம்பப் புழுக்கமா இருக்கு" என்று போன் வந்ததும் பழைய பழக்கத்தில் தண்ணீர் வெப்பநிலையைத்தான் இறக்குவார். புழுக்கத்துக்குக் காரணம் ஈரம், அங்கே தொட வேண்டியது காற்றை உலர்த்தும் மெஷினை. அந்த ஒரு வாக்கியத்தை அவரிடம், அவர் மொழியில், அவர் ஷிஃப்ட் நேரத்தில் போய் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

மார்ட்டன் குரோவ் பள்ளிக்கூடம் இன்னும் நடக்கிறது, இப்போது ஆன்லைன் வகுப்புகளும் உண்டு. எங்க எபிசோடைக் கேக்கிறவங்கள்ல சில்லர் பிளான்ட்டில் வேலை பார்ப்பவங்க இருப்பீங்கன்னு தெரியும். அடுத்த தடவை உள்ளே போறப்போ, எக்ஸ்பான்ஷன் டேங்க் பம்ப்புக்கு எந்தப் பக்கம் சேருதுன்னு பாருங்க. உறிஞ்சும் பக்கமா, தள்ளும் பக்கமா? அதை அங்கே வைக்கச் சொல்லி உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்கன்னும் சேர்த்து எழுதி அனுப்புங்க.